ஒரே வரியில் நின்றது

"யார்னு எனக்குத் தெரியும். அவன்தான்னு நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்," என்றார் பெங்.

துப்பறிவாளர் யென் ஷூ-ரூ தன் முன்னால் இருந்த தேநீரைத் தொடவில்லை. இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளைச் சோதித்தவர் அவர். 'யார் கொளுத்தினான்னு எனக்குத் தெரியும்' என்று எடுத்த எடுப்பிலேயே சொன்ன முதலாளிகளில் பாதிப் பேர் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததை அவர் மூக்கு மறக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தான் உதவியாளன் ஆ-குவான். முன்பு காவ்ஷியுங் நகர ரயிலடியில் இன்டர்நெட் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன். வாசலில் கொடுத்த பார்வையாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், யென்னின் காதருகே சாய்ந்தான்.

"அக்கா, 'அழைத்தவர்: பெங்'னு போட்டு, பக்கத்துல ஒரு காலிச் சதுரம் அச்சாகியிருக்கு. நம்ம முதலாளி பேரு பெங் சதுரமா?"

"வாயை மூடுடா."

பெங் அதைக் கேட்டுவிட்டார். கோபப்படவில்லை. மேஜை மேலிருந்த மரப் பெயர்ப்பலகையைப் பெருமையோடு திருப்பிக் காட்டினார். முப்பது நாற்பது கோடுகள் பின்னிய ஒரு சீன எழுத்து அதில் செதுக்கப்பட்டிருந்தது. "லின். என் பேரு. எங்க தாத்தா ஜோசியர்கிட்டக் கேட்டு வச்ச எழுத்து. பெரிய அகராதியிலதான் இருக்கும். பேங்க்ல, விமானத்துல, எங்கேயும் எந்த மெஷினுக்கும் இதை அச்சடிக்கத் தெரியாது. விடுங்க. விஷயத்துக்கு வருவோம்."

விஷயம் இதுதான். பெங்கின் கம்பெனி மற்றவர்களின் சர்வர்களை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கும் இடம். அந்த நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒழுங்காக மூச்சு விடுகின்றனவா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. ஏதாவது ஒன்று தடுமாறினால் அது ஆளைக் கூப்பிடும். அந்த மென்பொருள் குடியிருந்த மெஷின் போன மாதம் வயதாகிச் செத்துப்போனது. புதிய மெஷினில் புதிதாக இன்ஸ்டால் செய்யப் பார்க்கிறார்கள். முடியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் பாதியில விழுது," என்றார் பெங். "பழைய அலாரங்களையெல்லாம் டேட்டாபேஸ்ல ஏத்தும்போது நின்னுடுது. பழசை விட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்னா ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. பழைய அலாரம் எல்லாம் இருக்கணும்னு ஒப்பந்தம். எவனோ வெளியில இருந்து புகுந்து கெடுக்கிறான்."

"எவனோன்னா?"

"லியாவ் ஜுன்-யீ. இங்க இன்ஜினியரா இருந்தவன். என் மேல வஞ்சம்."

அந்தப் பெயரை ஊர் மறந்திருக்கவில்லை. போன வருடம் செய்தித்தாள்கள் படத்தோடு போட்ட பெயர். ஓர் ஆஸ்பத்திரி தன் இதய நோயாளிகளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அழைப்புப் பொத்தான் கொடுத்திருந்தது. வீட்டில் மயக்கம் வந்தால் அழுத்தலாம், ஆம்புலன்ஸ் வந்துவிடும். அந்தப் பொத்தான்களின் சர்வர் பெங்கிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நின்றுபோனது. யாரும் கவனிக்கவில்லை. துறைமுகத்தருகே தனியாக இருந்த ஒரு மூதாட்டி பொத்தானை அழுத்திக்கொண்டே இறந்துபோனார்.

"அலாரம் அடிச்சுது. அவன் டியூட்டியில தூங்கிட்டான்," என்றார் பெங். "விசாரணையில நிரூபணமாச்சு. வேலையை விட்டுத் துரத்தினேன். இப்ப வர்ற சனிக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து டாக்டர் சுவாங் வராங்க. அவங்க எதிர்ல அவன் பேரை நீங்க சொல்லணும். அவன் திரும்ப எந்திரிக்கவே கூடாது."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாக, ருசித்துச் சொன்னார்.

சர்வர் கூடம் ஐஸ் பெட்டி போல் குளிர்ந்தது. வரிசை வரிசையாக நின்ற மெஷின்களின் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப் பொரி. மெஷின் மக்கர் பண்ணாமல் சமர்த்தாக இருக்கும் என்று அந்த ஊரில் நம்பி வைப்பது. ஆ-குவான் ஒரு பொட்டலத்தைத் தூக்கி அடியைப் பார்த்தான்.

"அக்கா, தேதி முடிஞ்சுபோச்சு. கேஸ் தீர்ந்தது. வீட்டுக்குப் போலாம்."

கூடத்தின் மூலையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கழுத்து அட்டையில் ஃபாங் ஷின்-யூ என்ற பெயர். மூன்று பேர் பார்த்த டேட்டாபேஸ் வேலையை இப்போது இவள் ஒருத்தி பார்க்கிறாள் என்று பெங் பெருமையாகவே சொன்னார்.

"ஒரு தடவை செஞ்சு காட்டும்மா," என்றார் யென்.

ஷின்-யூ உட்கார்ந்து தட்டினாள். மென்பொருள் பிழையில்லாமல் இறங்கியது. டேட்டாபேஸ் உருவானது. பழைய பேக்கப்பில் இருந்து அலாரங்கள் ஏறத் தொடங்கின. திரையில் பச்சைக் கோடு நீண்டது. முக்கால் தூரம் போய்ச் சிவப்பானது.

பொருந்தாத மதிப்பு. ஏற்றுதல் நிறுத்தப்பட்டது.

கீழேயே இன்னொரு வரி: டேட்டாபேஸ் முழுமையாக இல்லை. கண்காணிப்பு தொடங்காது.

"பாத்தீங்களா?" என்று பெங் பல்லைக் கடித்தார். பெங்கும் ஆ-குவானும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஷின்-யூ திரையைப் பார்க்கவில்லை. யென்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொஞ்சம் உக்காரட்டுமா?" என்று ஆ-குவான் அவள் நாற்காலியில் இறங்கினான். மவுஸைத் தேடிக் கை மேஜையைத் தடவியது. அது விசைப்பலகைக்கு இடப்பக்கம் இருந்தது. இழுத்து வலப்பக்கம் வைத்து அமுக்கினால் வேறு எதுவோ திறந்தது.

"என்னங்க, உங்க மவுஸ் என்னை மாமியார் வீட்டு நாய் மாதிரி கடிக்குது?"

"பட்டனை மாத்தி வச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க," என்றாள் ஷின்-யூ. சிரிக்கவில்லை.

மதியம் வரை ஆ-குவான் அந்த மெஷினைக் குடைந்தான். கதவு, ஜன்னல், ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. எழுந்து வந்தபோது முகத்தில் பசி மட்டும்தான் இருந்தது.

தெரு முனையில் வாத்துக்கறிச் சோற்றுக் கடை. முதல் கிண்ணம் காலியான பிறகுதான் அவனால் பேச முடிந்தது.

"யாரும் உள்ள வரலைக்கா. வெளியில இருந்து ஒரு கொசு கூட வரல. ஆனா ஒரு வேடிக்கை. முந்தின தடவையெல்லாம் எங்க விழுந்துச்சுன்னு பாத்தேன். எல்லாத் தடவையும் ஒரே வரி. பல்லாயிரம் வரி நல்லா ஏறுது, அந்த ஒரு வரிக்கு வந்ததும் மல்லாந்துடுது."

"எப்பவும் அதே வரியா?"

"அதே வரி. திறந்து பாத்தா உள்ள பாதி கிறுக்கலா இருக்கு. எவனோ குப்பையைத் திணிச்சிருக்கான்னு நெனச்சேன்."

யென் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு கேஸ் வந்துச்சு. கண்ணாடிக் கடை. எவனோ கல்லெறியிறான். பழி வாங்குறவன் என்னடா செய்வான்? இன்னைக்கு ஒரு கண்ணாடி, நாளைக்கு வேற கண்ணாடி. எது கையில மாட்டுதோ அதை உடைப்பான். இவன் தினம் ஒரே கண்ணாடியை உடைச்சான். மாத்த மாத்த அதையே உடைச்சான்."

"ஏன்?"

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னால கடைக்காரன் ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தான். உடைச்சவனுக்குக் கண்ணாடி மேல கோபமே இல்ல. 'இங்க பாருங்க'ன்னு ஊரைக் கூப்பிட்டிருக்கான். சாப்பிட்டு முடி. லியாவைப் பாக்கணும்."

மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் ஃபேக்டரி. யென் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பின்சக்கரம் ஆ-குவானிடமிருந்து விடுதலை பெற்று ஒரு முறை துள்ளியது. ரப்பர் பூட்ஸும் பனியனுமாக ஒருவன் ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள். யென் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினான்.

"இந்தப் பக்கமா பேசுங்க. அந்தக் காது போயிடுச்சு."

பெங் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் கொக்கியைப் பாளத்தில் ஓங்கிக் குத்தினான்.

"நான் கெடுக்கிறேன்னு சொன்னாரா? கெடுக்கணும்னு தினமும் நெனைக்கிறேன். படுத்தா அதே நெனப்புதான். அந்தக் கட்டடம் எரிஞ்சா இங்க இருக்கிற ஐஸ்ல ஒரு துண்டு கூட அணைக்கக் குடுக்க மாட்டேன். ஆனா தொடல. எங்க அம்மா மார்க்கெட் போனா இன்னும் காய் குடுக்க மாட்டேங்கிறாங்க. ஜெயிலுக்கும் போயிட்டா அவங்க தண்ணி கூட வாங்க முடியாது."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அதுதான் நடந்துச்சு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். போன் மேஜை மேல இருந்துச்சு. மணி அடிக்கவே இல்ல."

"அலாரம் முதல்ல உங்களுக்குத்தானே வரணும்?"

லியாவ் சிரித்தான். அது சிரிப்பாகக் கேட்கவில்லை. "முதல்ல பெங்குக்கு. தனக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாதுன்னு அவர் பேரை முதல்ல போடச் சொன்னாரு. அவர் 'பாத்துட்டேன்'னு அமுக்கலைன்னா கொஞ்ச நேரம் கழிச்சு டியூட்டி ஆளுக்குப் போகும். யாராவது ஒருத்தர் அமுக்கிட்டா அதோட நின்னுடும். ஒருத்தர் பாத்துட்டாரு, இனி மத்தவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு அதுக்கு அர்த்தம்."

ஆ-குவான் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் மாறியிருந்தது.

"அவர் அமுக்கலையா?"

"அமுக்கலைன்னு விசாரணையில சொன்னாரு. டேட்டாபேஸ்லயும் அப்படி ஒரு வரி இல்ல. அவர் எப்பவுமே அமுக்க மாட்டாருங்க. நாங்கதான் அமுக்குவோம். அந்தப் பேருக்காக என்னை எவ்வளவு பாடுபடுத்தினாரு தெரியுமா? அந்த எழுத்து திரையில கேள்விக்குறியா வருதுன்னு கத்தினாரு. நான் உக்காந்து டேட்டாபேஸோட எழுத்து வகையையே அகலப்படுத்தினேன், அந்த ஒரு ஆளுக்காக."

யென் ஆ-குவானைப் பார்த்தார். ஆ-குவான் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான்.

கிளம்பும் முன் யென் கேட்டார்: "அந்தக் காது?"

"கோர்ட் வாசல்ல, எல்லா கேமராவுக்கும் முன்னாடி ஒரு பொண்ணு அறைஞ்சா. இறந்தவங்களோட மகள். ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டிருந்தா, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. மணி அடிக்கவே இல்லம்மான்னு அவகிட்ட சொன்னேன். இன்னொரு தடவை கை ஓங்கினா."

தன் வலது கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டு அவன் கொக்கியைப் பிடுங்கினான்.

வெளியே வந்ததும் ஆ-குவான் ஸ்கூட்டரில் ஏறவில்லை. "அக்கா, அது குப்பை இல்ல. பேரு."

"சொல்லு."

"பழைய டேட்டாபேஸ் அகலமானது. அபூர்வமான எழுத்தும் உள்ள போகும். புதுசுல எழுத்து வகையைக் குறுகலா வச்சிருக்காங்க. சாதாரணப் பேரெல்லாம் சரசரன்னு ஏறும். அந்த மாதிரி ஒரு எழுத்து வந்ததும் வாசல்ல முட்டிக்கிட்டு நின்னுடும். குண்டா இருக்கிறவன் பஸ் கதவுல நிக்கிற மாதிரி. அனுபவத்துல சொல்றேன்."

"அந்தக் கம்பெனியில அப்படிப்பட்ட பேரு எத்தனை பேருக்கு?"

"பெங் சதுரத்துக்கு மட்டும்தான். ஆனா விசாரணையில காட்டினப்ப அவர் அமுக்கின வரியே இல்லைன்னு..."

"அழிச்சிருப்பாரு. அழிக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி வழக்கமா எடுக்கிற பேக்கப் எடுத்தாச்சு. அதை யாருடா திறந்து பாக்கப் போறா? தாயத்து மாதிரி. கட்டினதோட சரி."

ஆ-குவான் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு இடிக்குது. குறுகலை அகலமா மாத்த ஒரே ஒரு வார்த்தையை மாத்தினாப் போதும். நான் இன்டர்நெட் கடையில கத்துக்கிட்டது. அந்த ஷின்-யூவுக்குத் தெரியாதுன்னா நான் நம்ப மாட்டேன். அப்புறம், போன வருஷத்துப் பேக்கப்பை ஏன் ஏத்துறா? அதுக்கப்புறம் எடுத்தது இல்லையா?"

யென் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "வலது கன்னத்துல அறை விழணும்னா, எதிர்ல நிக்கிறவ எந்தக் கையால அடிச்சிருக்கணும்?"

ஆ-குவான் தன் கையை ஓங்கி, காற்றில் அறைந்து பார்த்தான். வலது கை. பிறகு இடது கை. கை பாதியில் நின்றது.

"அந்த மவுஸு," என்றான்.

யென் வண்டியைக் கிளப்பவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரியின் டாக்டர் சுவாங்கைக் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்வி: பெங் கம்பெனி எடுக்கும் ஒவ்வொரு பேக்கப்பிலும் ஒரு நகல் உங்களுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருக்கிறது, வந்து எங்கள் பெட்டகத்தில் கிடக்கிறது, திறந்ததில்லை என்றார் டாக்டர்.

"அந்த அம்மா இறந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்த நகலைச் சனிக்கிழமை கொண்டுவாங்க. வழியில யார்கிட்டயும் குடுக்காதீங்க."

சனிக்கிழமை காலை கூட்ட அறையில் பழமும் பலகாரமும் வைத்திருந்தார்கள். பெங் புதிய டை கட்டியிருந்தார். டாக்டர் சுவாங் மெலிந்த, நரைத்த பெண்மணி. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஷின்-யூ.

"சொல்லுங்க மேடம்," என்றார் பெங். "அந்தப் பயல் பேரைச் சொல்லுங்க."

"சொல்றேன் சார். முதல்ல உங்க இன்ஸ்டாலை முடிச்சுக் குடுத்துடறோம்."

டாக்டர் சுவாங் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஆ-குவான் மெஷினில் செருகினான். ஒரு வார்த்தையை மாற்றினான். தொடங்கினான். சுவர்த்திரையில் பச்சைக் கோடு நீண்டது. பாதி. முக்கால். அறையில் யாரும் அசையவில்லை. கோடு அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கண்காணிப்பு தொடங்கியது என்று திரை சொன்னதும் பெங் கைதட்டினார். "ஓடுது. டாக்டர், பாத்தீங்களா, ஓடுது. இவ்வளவு நாள் அவனால..."

"இவ்வளவு நாள் எந்த வரியில நின்னுச்சோ, அதைப் பாத்துடலாமா?" என்றார் யென்.

ஆ-குவான் அதைத் திறந்து பெரிதாக்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அழைப்புப் பொத்தான் சர்வர் நின்றுவிட்டது. பார்த்துவிட்டேன், இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அமுக்கியவர்: பெங். அதன் பக்கத்தில் இந்த முறை சதுரம் இல்லை. முப்பது நாற்பது கோடுகள் பின்னிய அந்த எழுத்து, ஒரு கோடு கூடக் குறையாமல் சுவரளவுக்கு நின்றது.

டாக்டர் சுவாங் அதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் இன்னொரு முறை படித்தார்.

"இது போலி." பெங்கின் குரல் உடைந்தது. "இந்தப் பொண்ணு எழுதிச் சேர்த்திருக்கா. இவகிட்டதான் டேட்டாபேஸ் இருக்கு."

"இது அவங்ககிட்ட இருந்து வரல," என்றார் டாக்டர் சுவாங். "எங்க பெட்டகத்துல இருந்து நானே எடுத்துட்டு வந்தேன். நீங்க அன்னைக்கு ராத்திரி அனுப்பினது."

பெங் யென்னிடம் திரும்பினார். "நான் கூப்பிட்டு வந்த ஆள் நீ. யாரு கெடுக்கிறான்னு கண்டுபிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"கண்டுபிடிச்சுட்டேன் சார். உங்க பேரு. அது நுழைய முடியாமத்தான் இத்தனை நாள் நின்னுச்சு."

பெங் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளின் நிச்சயதார்த்த விருந்து. அது ஊருக்கே தெரியும். படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வாழ்த்துச் சொல்லக் கோப்பை தூக்கியிருந்தாங்க. போன் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்தணும்னு அமுக்கினேன். யாராவது பாத்துப்பாங்கன்னு நெனச்சேன்."

"மறுநாள் அழிச்சது?" என்று கேட்டார் யென். "அதுவும் போன் நடுங்குதுன்னா?"

டாக்டர் சுவாங் எழுந்து ஜன்னலருகே போய் அரசு வழக்கறிஞரின் எண்ணைப் போட்டார். ஆ-குவான் முதல் முறையாகத் தட்டிலிருந்த பலகாரத்தைப் பார்த்தும் எடுக்கவில்லை.

மாடிப்படியில் ஷின்-யூ இறங்கிக்கொண்டிருந்தாள். யென் பின்னாலேயே போய் அவளுக்கு ஒரு படி மேலே நின்றார்.

"என்னை வேலைக்கு வச்சது பெங்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீதான்."

ஷின்-யூ கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். இடது கையால்.

"அடுத்து எடுத்த பேக்கப்பெல்லாம் எங்க?" என்றார் யென்.

"பத்திரமா இருக்கு. மறைச்சு வச்சேன். அது எல்லாம் கெட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன், நம்பிட்டாரு." அவள் குரலில் நடுக்கம் இல்லை. "அம்மாவை நான்தான் முதல்ல பாத்தேன். தைப்பேயில இருந்து வந்து கதவைத் திறந்தேன். பெருவிரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்துச்சு. பிரிச்சுத்தான் எடுத்தோம். யாரையாவது கொல்லணும்னு இருந்துச்சு. ஒருத்தனைக் காட்டினாங்க. அறைஞ்சேன். மணி அடிக்கவே இல்லம்மான்னு சொன்னான். அந்தக் குரல் பொய் சொல்ற குரல் இல்ல. எவ்வளவு நாள் தள்ளி வச்சாலும் அது திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. அதனாலதான் இங்க வேலைக்கு வந்தேன்."

"வரியைப் பாத்ததும் நேரா வழக்கறிஞர்கிட்டப் போயிருக்கலாமே."

"செத்தவளோட மகள். யாருன்னு சொல்லாம வேலைக்குச் சேர்ந்தவள். டேட்டாபேஸ் சாவி அவகிட்ட. நீங்களே சொல்லுங்கக்கா, அவர் வக்கீல் என்ன சொல்லியிருப்பான்?"

"நீ எழுதிச் சேர்த்ததுன்னு."

"சொன்னாருல்ல, இப்பவே. அதான், அவரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து, அவர் கையாலயே கதவைத் திறக்கணும்னு நெனச்சேன். மெஷின் செத்தது தானா நடந்துச்சு. மத்தது நான். ஒவ்வொரு தடவை அது நிக்கும்போதும் அவர் பேரு முட்டி நிக்கிறதைப் பாத்து அவரே கத்துவாரு. தன் பேருன்னு தெரியாம. அதை நின்னு பாப்பேன். எவ்வளவு இனிப்பா இருந்துச்சு தெரியுமா?"

"அந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரி சர்வரை யாரு பாத்துக்கிட்டா?" என்றார் யென் கடுமையாக. "கண்காணிப்பே இல்லாம. உங்க அம்மா மாதிரி இன்னும் எத்தனை பேர் கழுத்துல அந்தப் பொத்தான்?"

ஷின்-யூ நிமிர்ந்தாள். "நான் பாத்தேன். வீட்டுக்கே போகல. அந்த மூலையிலேயே படுத்துக்கிட்டேன். அது ஒண்ணை மட்டும் கண்ணை எடுக்காமப் பாத்தேன்."

அவள் கண்களுக்குக் கீழே இருந்த கறுப்பை யென் அப்போதுதான் கவனித்தார். கோபம் போகவில்லை.

"இதையெல்லாம் பெங்கோட வக்கீல் தோண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லணும். ஒண்ணு விடாம. இன்னைக்கே."

"சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போகணும். வா."

ஐஸ் ஃபேக்டரியில் மதியப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லியாவ் முதலில் யென்னைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவளின் கண்களைப் பார்த்தான். இந்த முறை ஹெல்மெட் இல்லை, முகமூடி இல்லை. ஆனால் கண்கள் அதேதான். அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

யென் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவன் இடது காதைக் கொடுத்துக் கேட்டான். பெங்கின் பெயர் சுவரில் தெரிந்ததைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டான். ஷின்-யூ ஈரத் தரையில் முழங்கால் வைத்து, நெற்றி முழங்காலைத் தொடும்வரை குனிந்தாள்.

"எந்திரிங்க," என்றான் லியாவ். "எனக்கு அது வேண்டாம். நீங்க குனிஞ்சா என் காது வந்துடாது. எங்க அம்மா மார்க்கெட்ல பட்டதும் போயிடாது. மன்னிக்கிறேன்னு சொன்னா பொய். உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் அவன். "உங்க அம்மா பேரு என்ன? பேப்பர்ல 'ஒரு மூதாட்டி'ன்னுதான் போட்டாங்க. விசாரணையிலயும் ஏதோ நம்பர் சொன்னாங்க. நான் கொன்னேன்னு ஊரே சொல்லுது. யாரைன்னு எனக்குத் தெரியாது."

பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின் இரைந்தது. ஷின்-யூ அவன் இடது காதுப் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"சாய் யூ-மெய்," என்றாள். "மீன் உருண்டை விப்பாங்க. இந்தத் துறைமுகத்துலதான்."

"சாய் யூ-மெய்." அவன் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு கொக்கியை எடுத்து அடுத்த பாளத்தில் மாட்டினான்.

"கேஸ் நடக்கிற ஒவ்வொரு நாளும் நான் வந்து முதல் வரிசையில உக்காருவேன். நீங்களும் வாங்க. வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லுங்க. அந்த ஆள் காதுல விழணும். வீட்டுக்குப் போனாலும், மக கல்யாணத்துல கோப்பையைத் தூக்கினாலும் விழணும். அதை அவர் எதை அமுக்கியும் நிறுத்தக் கூடாது."